என்னை எழுப்புவது யார்

கேத்ரூ கரை, சிலோயே தீவு
2 ஏப்ரல் 1981

என் மனைவி எர்சீராவுக்கு,

நான் நலம். நீயும் மகள் ஓரியானாவும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். உன்னைத் திரும்பி வரச் சொல்லி இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரனைப் பார்த்துவிட்டுப் பத்து நாளில் வருகிறேன் என்று புந்தா அரேனாஸுக்குக் கப்பல் ஏறியவள் நீ. வருஷம் ஒன்று ஓடிவிட்டது. அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. என் தலையணையையும் எடுத்துப் போயிருக்கிறாய். அதைப் பற்றியும் பேசப்போவதில்லை.

விஷயம் வேறு. இந்த வீட்டில் ஏதோ நடக்கிறது.

மிங்கா போட்டு, கூலியில்லாமல் கை கொடுக்க ஊரைக் கூட்டி, எருதுகளைப் பூட்டி, மரவீட்டை அப்படியே கடலோரத்திலிருந்து மேட்டுக்கு இழுத்துவந்தோமே, அந்த மாதத்திலிருந்து நான் ஒவ்வொரு ராத்திரியும் விழித்துக்கொள்கிறேன். ஒரு தடவையோடு நிற்பதில்லை. கீழே இருந்தபோது நான் தூங்கிய தூக்கம் உனக்குத் தெரியும். அலை வந்து வேலியைத் தின்ற ராத்திரியில்கூட வெட்டிப்போட்ட மரம்போலக் கிடந்தேன் என்று நீயே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய். இப்போது திடுக்கென்று விழிப்பு வருகிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. வாய் உலர்ந்து கிடக்கிறது. ஒரு வருஷம் பொறுத்தேன். சாட்சி சேரட்டும் என்றுதான் பொறுத்தேன்.

முதலில் தீமோத்தேயோவைச் சந்தேகப்பட்டேன். எருதுகளை நடத்தியவன் அவன். வீட்டைக் கட்டைகள்மேல் உட்கார வைத்ததும் அவன் சொற்படிதான். வேலித் தகராறிலிருந்து அவனுக்கும் எனக்கும் பேச்சில்லை. பேசாதவன் வீட்டுக்கு வந்து, கூலி வாங்காமல், சாப்பாட்டுக்கு மட்டும் உழைத்துவிட்டுப் போகிறான் என்றால் அவன் மனதில் என்ன இருந்திருக்கும்? வீட்டைக் கோணலாக வைத்துவிட்டான். வலையில் கட்டுகிற கண்ணாடி மிதவை ஒன்றை என் அறைத் தரையில் வைத்தேன். அது உருண்டு போய்ச் சுவரோரம் நின்றது. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அண்ணே, உருண்டை உருளத்தான் செய்யும். சதுரமா ஏதாச்சும் வச்சுப் பாருங்க” என்றான்.

அவன் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. மிதவை போய் நின்றது மருமகள் நீல்தாவின் அறைச் சுவர்.

எர்சீரா, நிதானமாக யோசி. நம் மகன் ஏலியாஸ் கடலில் போய் மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. நீல்தாவின் அம்மா அக்கரையில் தனியாக இருக்கிறாள். போக இடம் இருக்கிற இளம் விதவை, மாமனாருக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு எதற்காக இங்கே இருக்கிறாள்? நான் கேட்டதற்கு, இருக்கத் தோன்றுகிறது, இருக்கிறேன் என்றாள். இது ஒரு பதிலா?

நான் விழிக்கிறபோதெல்லாம் யாரோ இப்போதுதான் அறையை விட்டுப் போன மாதிரி இருக்கிறது. வாசலில் தொங்குகிற திரை ஆடிக்கொண்டிருக்கிறது. காற்றில்லாத ராத்திரியிலும் ஆடுகிறது.

யோசித்து எழுது.

உன் கணவன்,
ரோசமேல் ஒயார்சோ


புந்தா அரேனாஸ்
17 ஏப்ரல் 1981

அன்புள்ளவருக்கு எர்சீரா எழுதுவது,

இங்கே எல்லோரும் சுகம். பேரன் இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான். மூக்கும் பிடிவாதமும் உங்களுடையவை. தலையணை என் அம்மா தைத்துத் தந்தது. அதில் நீங்கள் படுத்துக்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நடு ராத்திரியில் விழிப்பு வருகிற கிழவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தானா? மாப்பிள்ளையின் சித்தி இங்கே மருத்துவமனையில் தாதியாக இருந்தவள். அவளிடம் கேட்டேன். ராத்திரி எத்தனை பேரைத் தூங்க வைத்திருப்பாள், எழுப்பியிருப்பாள்! அவள் சொன்னதை எழுதுகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

இருட்டிய பிறகு மாத்தே இலைத் தேநீர் குடிக்கக் கூடாதாம். அது காப்பியைவிட மோசமாம். நீங்கள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அண்டா வற்றுகிற வரைக்கும் உறிஞ்சுகிறவர். ஆப்பிள் சீச்சாக் கள் தூக்கத்தைக் கொண்டு வந்து விட்டுவிட்டு, பாதி ராத்திரியில் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுமாம். இந்த வயதில் ஆண்களுக்குச் சிறுநீர்ப் பை சொன்னபடி கேட்காதாம், அது எழுப்புமாம். பன்றிக் கொழுப்பு வைத்த உருளைக்கிழங்கு அடையைச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்சு எரிந்து விழிப்பு வருமாம். அடுப்பு அணைந்து அறை குளிர்ந்தால் வருமாம். நாய் குரைத்தால் வருமாம். மனதில் எதையாவது போட்டு உருட்டிக்கொண்டிருந்தால் கட்டாயம் வருமாம். கடைசியாகச் சொன்னதற்கு நான் அவளிடம் விளக்கம் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஆகவே தீமோத்தேயோவை விடுங்கள். அவர் வந்தது நான் அவர் வாசலில் நின்று கேட்டதால். நீல்தாவையும் விடுங்கள். அந்தப் பெண் நல்லவள். அவள் உடம்பு எப்படி இருக்கிறது? மெலிந்திருக்கிறாளா?

இப்போது எப்படிப் படுக்கிறீர்கள், மல்லாந்தா, ஒருக்களித்தா? அதையும் எழுதுங்கள்.

எர்சீரா


கேத்ரூ கரை
6 மே 1981

எர்சீராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாதியம்மாள் சொன்ன எதையும் நான் தள்ளவில்லை. ஒவ்வொன்றையும் செய்து பார்த்தேன். நான் பள்ளிக்கூடம் போகாதவன்தான். ஆனால் பழைய பஞ்சாங்கங்களையும் படகு எஞ்சினோடு வந்த புத்தகத்தையும் வைத்து எழுத்தைக் கற்றுக்கொண்டவன். எஞ்சின் நின்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அப்படியே பார்த்தேன்.

மாத்தேயை மதியத்தோடு நிறுத்தினேன். தலைவலி வந்தது, விழிப்பு நிற்கவில்லை. சீச்சாவை நிறுத்தினேன். அந்த இரண்டு நாளும் கோபம் வந்தது, விழிப்பும் வந்தது. படுக்குமுன் வெளியே போய்விட்டு வந்து, கட்டிலுக்கடியில் பானையும் வைத்துக்கொண்டேன். விழித்த பிறகுதான் அது நினைவுக்கு வருகிறது. ஆகவே என்னை எழுப்புவது அதுவல்ல. அடையை விட்டேன். அடுப்பில் பெரிய கட்டையாகப் போட்டேன். நாயைத் தீமோத்தேயோ வீட்டில் கொண்டுபோய்க் கட்டினேன். அது இப்போது அவனுக்கு வாலாட்டுகிறது. மனதில் எதையும் நான் உருட்டவில்லை. என் மனம் சுத்தம்.

எல்லாவற்றையும் கழித்தாகிவிட்டது. பிறகு மீதி இருப்பது ஆள்தான்.

ஒரு நாள் படுக்குமுன் அறைத் தரையில் அடுப்புச் சாம்பலை மெல்லிசாகத் தூவி வைத்தேன். காலையில் பார்த்தால் தடம். கம்பளிக் காலுறை போட்ட சின்னக் கால். வாசலிலிருந்து என் கட்டில் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது. நீல்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுப்பைப் பார்க்க வந்தேன் என்றாள். என் அறையில் அடுப்பு ஏது? முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது. குற்றமுள்ளவர்களுக்குத் தூக்கம் வராது.

நிலப் பத்திரம் என் மெத்தைக்கடியில் இருக்கிறது. உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்று. நான் மல்லாந்து படுக்கிறேனா, ஒருக்களித்தா என்று நீ கேட்டிருக்கிறாய். உன் கடிதம் வருவதற்குச் சில நாள் முன்புதான் நீல்தாவும் அதே கேள்வியைக் கேட்டாள். கட்டிய மனைவி கேட்கலாம். மருமகள் ஏன் கேட்கிறாள்? இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் கடிதம் போட்டுக்கொள்கிறீர்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து எனக்கு எதிராக என்ன திட்டம் போடுகிறீர்கள்?

திரையை எடுத்துவிட்டேன். தச்சனிடமிருந்து கதவு வாங்கி மாட்டி, உள்பக்கம் தாழ்ப்பாளும் அடித்துவிட்டேன். நான் ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது நீல்தா வந்து நின்றாள்.

“மாமா, கதவு போட்டுக்கங்க. தாழ்ப்பாள் மட்டும் வேண்டாம்” என்றாள்.

“ஏன்?” என்றேன்.

சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். தாழ்ப்பாளுக்குப் பயப்படுகிறவள் யார் என்று உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் படகில் அம்மா வீட்டுக்குக் கிளம்பு என்று சொல்லிவிட்டேன்.

ரோசமேல்


புந்தா அரேனாஸ்
20 மே 1981

இதைக் கையில் வாங்கியதும் முதலில் தாழ்ப்பாளைக் கழற்றுங்கள். கழற்றிவிட்டு மேலே படியுங்கள்.

ஆமாம், திட்டம் போட்டோம். நானும் நீல்தாவும்தான் போட்டோம். உங்கள் சந்தேகம் சரி. நீங்கள் சந்தேகப்பட்ட காரியம்தான் தப்பு.

நீங்கள் மல்லாந்து படுத்தால் குறட்டை வரும். குறட்டை விட்டு யாரும் செத்ததில்லை. அது நிற்கிறதுதான் பயம். நடுவில் சட்டென்று நின்றுவிடும். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடும், மூச்சு உள்ளே போகாது. உதடு நீலமாகும். கல்யாணமான புதிதில் முதல் தடவை பார்த்தபோது நான் விதவையாகிவிட்டேன் என்றே நினைத்தேன். பயத்தில் முழங்கையால் விலாவில் ஓங்கி இடித்தேன். கர்ரென்று மூச்சை இழுத்துக்கொண்டு புரண்டு படுத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து அதுதான் மருந்து. ஒவ்வொரு ராத்திரியும் இடித்தேன். உங்களுக்குப் பழகிப்போய் விழிப்பே வராது. காலையில், விலா வலிக்கிறது, நேற்று படகை இழுத்தேன் அல்லவா என்பீர்கள். நானும் மாத்தேயை நீட்டிக்கொண்டு ஆமாம் என்பேன்.

உங்கள் அப்பா எப்படிப் போனார்? தூங்கினார், எழுந்திருக்கவில்லை. புண்ணியமான சாவு என்றார்கள். பக்கத்தில் இடிக்க ஆள் இல்லாமல் போனார் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால், என் மூச்சு நிற்பதில்லை என்று நிரூபிப்பதற்காகவே விடிய விடிய விழித்திருந்திருப்பீர்கள்.

வீட்டை மேட்டுக்கு இழுத்தபோது உங்கள் அறைக்கும் நீல்தாவின் அறைக்கும் நடுவே இருந்த பலகைகள் விலகிவிட்டன. முன்பு அவளுக்கு எதுவும் கேட்டதில்லை. இடுக்கு விழுந்த பிறகு எல்லாம் கேட்கிறது. நான் கிளம்புமுன் அவளிடம் சொன்னேன்: சத்தம் வருகிறவரை படுத்திரு, நின்றால் போய் எழுப்பு. அவளுக்கு உங்களை இடிக்க மனம் வராது. காலைப் பிடித்து ஆட்டுகிறாள். அதனால்தான் முழு விழிப்பு வருகிறது. உங்கள் பத்திரம் யாருக்கு வேண்டும்? கடல் தின்றது போக என்ன நிலம் இருக்கிறது அதில்?

நீல்தா போயிருந்தால் நீங்களே போய் அழைத்து வாருங்கள். ஆள் அனுப்பக் கூடாது. கடிதம் கொடுத்தனுப்பக் கூடாது. மிங்காவுக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கை கொடுங்கள் என்று கேட்டது நான். வீட்டுக்காரர் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். பாதி ஊரோடு உங்களுக்குப் பேச்சில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? காய்ச்சல் என்று பொய் சொன்னேன். வாசலில் நின்று கேட்டால் நம் ஊரில் இல்லை என்கிற வழக்கம் கிடையாது. நீங்கள் ஒரு தடவையாவது நின்று பாருங்கள்.

எர்சீரா


கேத்ரூ கரை
15 ஜூன் 1981

எர்சீராவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நீல்தா படகேறிவிட்டாள். தபால் படகு காற்றுக்காக ஒதுங்கி நின்றுவிட்டது. அது என் தப்பல்ல.

என் மூச்சு நிற்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. தூங்குகிற தன்னை எவனும் பார்த்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் இருவர் சொல்வதை நான் நம்பியாக வேண்டியிருக்கிறது, எனக்கு வேறு சாட்சி இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நீல்தா போன பிறகு யாரும் என்னை எழுப்பவில்லை. நான் ஆசைப்பட்ட மாதிரியே தூங்கினேன். காலையில் மண்டை பிளக்கிற வலியோடு எழுந்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கட்டிலுக்குக் கீழே தரையில் விழித்தேன். கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடலுக்குள் போய்விட்டு மேலே வந்தவன்போல மூச்சு வாங்கியது. சீச்சாதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் சீச்சாவை நான் திரும்பத் தொடங்கவில்லை. தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே கழற்றினேன். அதைக் குறித்துக்கொள்.

பிறகு உன் கடிதம் வந்தது. தீமோத்தேயோவின் படகை இரவல் வாங்கி அக்கரைக்குப் போனேன். கேட்டவுடனே எழுந்தான். துடுப்பைத் துடைத்துக் கொடுத்தான். நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது.

நீல்தாவின் அம்மா உபெர்லிந்தாவை உனக்குத் தெரியும், வாய் மூடாதவள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோய்விட்டது. வீட்டுக்குள் போகவில்லை. வாசலிலேயே நின்றேன். தொப்பியைக் கழற்றினேன். மழை பெய்துகொண்டிருந்தது. எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் நம் வாசலில் கேட்டதைக் கேட்டிருக்கிறேன், அதையே சொன்னேன். உங்கள் வீட்டுக் கை எனக்கு வேண்டும் என்றேன். யாருடைய கை என்று உபெர்லிந்தா முறைப்படி கேட்டாள். நீல்தாவின் கை என்றேன்.

நீல்தா உள்ளேயிருந்து வந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். எர்சீரா, அவள் முகம் நன்றாக இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு இல்லை. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கொஞ்ச நாளில் இவ்வளவு மாற்றமா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“மாமா, இங்க வந்த அன்னிக்கு விடியிற வரைக்கும் தூங்கினேன். செத்துகித்துப் போயிட்டேனான்னு அம்மா வந்து தொட்டுப் பாத்துச்சு. ஒரு வருஷமா நான் அப்படித் தூங்கினதே இல்ல. உங்க குறட்டை வந்தா தூக்கம் வராது. அது நின்னுட்டா எப்படி வரும்? ஏலியாஸ் கடலுக்குப் போன ராத்திரி நான் அசந்து தூங்கிட்டேன். அதனால இத ஒழுங்காச் செய்யணும்னு செஞ்சேன். இனிமே முடியாது மாமா. நான் வரல.”

உபெர்லிந்தா பதறிப்போனாள். “அடியே, வாசல்ல தொப்பியக் கழட்டி நிக்கிற மனுஷனுக்கு யாராச்சும் இல்லைன்னு சொல்லுவாங்களாடி?”

“நான் சொல்றேம்மா” என்றாள் நீல்தா.

சத்தம் போடாமல்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தொப்பியைப் போட்டுக்கொள்வதா, கையில் வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றேன். இப்படி நின்றவன் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கிளம்புகிற நேரத்தில் அவள் படகுவரை வந்தாள். இரவுச் சட்டையின் முதுகில் ஒரு பை தைத்து, அதில் பெரிய உருளைக்கிழங்கு ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். மல்லாந்தால் உறுத்தும், தானாகப் புரண்டு படுத்துவிடுவேனாம். தைத்துக்கொண்டேன். உறுத்துகிறது. மறுநாள் அதையே அவித்துத் தின்றுவிட்டு வேறு போட்டுக்கொள்கிறேன். அதற்கு மேல் இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருக்கிறது. திரும்பி வருகிற வழியில், நடுக் கால்வாயில் வந்தது. துடுப்பை நிறுத்திவிட்டு யோசித்தேன். பேரன் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான் என்று நீ எழுதினாய். ஓரியானா வேலைக்குப் போகவில்லை. மாப்பிள்ளையின் சித்தி வேறு பக்கத்தில் இருக்கிறாள். அந்த வீட்டில் உனக்கு வேலையே இல்லை. பிறகு ஏன் நீ ஒரு வருஷமாக அங்கே இருக்கிறாய்?

நீல்தாவுக்கு ஒரு வருஷமாகத் தூக்கமில்லை. உனக்குக் கல்யாணமான நாளிலிருந்து. நீ அங்கே தூங்கப் போயிருக்கிறாய், எர்சீரா. அப்படித்தானே? இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அடுத்த கப்பலில் நான் வருகிறேன். வீட்டைத் தீமோத்தேயோ பார்த்துக்கொள்வான். கேட்டேன், சரி என்றான். உன்னைத் திரும்ப அழைத்துப் போக நான் வரவில்லை. ஓரியானாவின் தெருக்கோடியில் மாலுமிகள் தங்குகிற விடுதி ஒன்று இருக்கிறது என்று இங்கே வந்துபோகிறவர்கள் சொன்னார்கள். ராத்திரி அங்கே படுத்துக்கொள்வேன். பக்கத்துக் கட்டிலில் யார் படுத்திருந்தாலும் அவனுக்கு நான் யாரும் இல்லை. என் மூச்சு நின்றாலும் ஓடினாலும் அவன் நிம்மதியாகத் தூங்குவான்.

பகலில் மட்டும் உன்னோடு இருக்கிறேன். காலையில் வருவேன், இருட்டியதும் போய்விடுவேன். அதைக் கேட்கத்தான் உன் வாசலில் வந்து நிற்பேன்.

இல்லை என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. சொல்லலாம் என்று நீல்தா காட்டிவிட்டாள். ஆனால் ஓரியானாவை விட்டுச் சொல்லச் சொல்லாதே. நீயே வந்து கதவைத் திறந்து சொல்.

ரோசமேல்